எல்லாம் ஒண்ணுதானா?

வணக்கம் நேயர்களே.

திருவல்லிக்கேணியில் எனக்குச் சட்டை தைக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். போன மாதம் அளவு கொடுக்கப் போனபோது பேச்சு எப்படியோ சாமியில் வந்து நின்றது. "உருவமே இல்லாதவனை நீங்க எப்படி சார் சிலையில பார்க்கிறீங்க?" என்றார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவசரமாக, "எல்லாம் ஒண்ணுதான் பாய், வழிதான் வேற" என்றேன். வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு அவர் சொன்னார்: "எல்லாம் ஒண்ணுன்னா, நான் எதுக்கு சார் தையலை நிறுத்திட்டுத் தொழுகைக்கு ஓடறேன்?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. உனக்கு உன் உண்மை, எனக்கு என் உண்மை என்கிற சார்புவாதம் கேட்பதற்குப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பல நேரம் அது பேச்சை முடித்துவைக்கிற தந்திரம். எங்கள் வீட்டில் இதற்கு 'சரி சரி, சாப்பிட வாங்க' என்று பெயர்.

மணிமேகலைக் காப்பியத்தில், புகார் நகரில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் சமயவாதிகளை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான். வாதம் செய்ய மேடையே இருக்கிறது, முறை தெரிந்து ஏறுங்கள். கூடவே ஒரு நிபந்தனை: பகைவரே ஆனாலும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்'. கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள்.

பிறகு மணிமேகலை வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, எல்லாம் விதிப்படி என்ற ஆசீவகர், சமணரான நிகண்டவாதி என்று ஒவ்வொருவரிடமாகப் போய், அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் கண்டதே மெய் என்ற பூதவாதியை மட்டும் மடக்குகிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய்?

இந்தப் பௌத்தக் காப்பியத்தை 1898இல் பதிப்பித்த உ.வே.சா. சைவர். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணி என்ற சமணக் காப்பியத்துக்காகக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பொருள் கேட்டவர். நெற்றித் திருநீறு அப்படியேதான் இருந்தது. பிற்காலத்தில் அவரும் திருவல்லிக்கேணிக்காரர்தான்.

சட்டை வாங்கப் போனபோது பாயிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"கடைசியில அந்தப் பொண்ணு எதை ஏத்துக்கிட்டா?"

"பௌத்தத்தை."

"அப்போ எல்லாம் ஒண்ணுன்னு அது சொல்லலையே!"

"இல்லை பாய்."

சட்டையை மடித்துக் காகிதத்தில் சுற்றினார். "அது சரி, அந்தச் சிலைக் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. உட்காருங்க, டீ சொல்றேன்."