சிவந்துபோன வெள்ளைச் சப்பாத்து

வணக்கம் நேயர்களே. சப்பாத்துக் கறை பத்திக் கொஞ்சம் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கினம், இதில என்ன கதைக்கிறது எண்டு வீட்டில சிரிச்சவைதான், ஆனா ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தையில காலி வீதியில நிண்டு அண்ணாந்து பாருங்கோ, பல்கனிக்குப் பல்கனி பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்துதான் காயுது.

என்ர மகள் ஒரு ஞாயிறு வகுப்புக்குப் போன இடத்தில சோத்துப் பார்சலை மடியில வச்சுப் பிரிக்க, லஞ்ச் ஷீற் கிழிஞ்சு பருப்புக்கறி நேரா சப்பாத்தின்ர முன்பக்கத்தில. நான் உடன சன்லைட் சவர்க்காரத்தைப் போட்டு உரஞ்சினன், மஞ்சளா இருந்தது செங்கல் நிறத்துக்குச் சிவந்திட்டுது! "அம்மா, இன்னும் பழுதாக்கிட்டீங்க" எண்டு அவ அழ, எனக்கும் கை ஓடேல்ல. பிறகுதான் யோசிச்சன், குங்குமம் செய்யிறதே மஞ்சளோட சுண்ணாம்பு சேத்துத்தானே, சவர்க்காரத்திலயும் அதே காரம் இருக்கு, அதான் சிவக்குது. தேசிக்காய்ப்புளி ரெண்டு சொட்டு விட, பாத்துக்கொண்டிருக்கவே திரும்ப மஞ்சளாப் போச்சு. நல்லா அலசி வெயில்ல வச்சன், மஞ்சளுக்கு வெயில் ஆகாது, ரெண்டு மூண்டு நாளில மங்கிப் போயிட்டுது. திங்கட்கிழமை பழைய சப்பாத்தோடதான் போனவ, அது வேற கதை.

அண்டைக்குப் பக்கத்து வீட்டு அக்கா பிளீச் தாறன் எண்டவ, நல்ல காலம் நான் வாங்கேல்ல. பிளீச் துணியை இத்துப்போகப் பண்ணும், ரப்பர் விளிம்பும் பசை ஒட்டின இடமும் மஞ்சளிச்சுப் போகும். அதோட பிளீச்சுக்குள்ள தேசிக்காயோ வினாகிரியோ விட்டிடாதேங்கோ, நஞ்சு வாயு வரும், எங்கட பிளாட்டுகளின்ர சின்ன பாத்ரூமுக்குள்ள அது விளையாட்டில்ல.

லேஸ் போடுற ஓட்டையைச் சுத்தி இருக்கிற வளையம் துருப்பிடிச்சுக் கறை இறங்கினாலும் பிளீச் சரிவராது, கறை இன்னும் இறுகிப் போகும். உப்பும் தேசிக்காயும் தேச்சு அரை மணித்தியாலம் விட்டுக் கழுவுங்கோ, ஒரு தரத்தில போகாட்டி ரெண்டு தரம். ரத்தம் எண்டா பச்சைத் தண்ணிதான், சுடுதண்ணி பட்டா அப்பிடியே பிடிச்சுக்கொள்ளும். மழைக்குள்ள புறக்கோட்டைக்குப் போய் வந்த சேறு எண்டா உடன தேய்க்காதேங்கோ, காயவிட்டுத் தட்டினா பாதி தானா விழும்.

பாட்டாச் செருப்பில தார் ஒட்டினா மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும், தேங்காயெண்ணெய் பூசி ஊறவிட்டுத் துடைச்சு சவர்க்காரம் போடுங்கோ. உள்ளுக்குப் பாதம் பதிஞ்ச கறுப்புக்கு அப்பச்சோடாவைக் கொஞ்சத் தண்ணியில குழைச்சு, பழைய பல்லு பிரஷ்ஷால தேய்ச்சாப் போதும்.

காயவைக்கிற விசயத்திலதான் கனபேர் கோட்டை விடுறது. எவ்வளவு வெள்ளையாக் கழுவினாலும் காஞ்சாப் பிறகு ஓரமெல்லாம் மஞ்சள் கோடு வரும், சவர்க்காரம் முழுசாப் போகாம நிண்டா அப்பிடித்தான். நாலஞ்சு தண்ணியில அலசி, ஈரத்தோடயே வெள்ளை ரிஷூவைச் சப்பாத்தில ஒட்டிக் காயவிடுங்கோ, அந்த மஞ்சள் ரிஷூவுக்கு ஏறிடும்.

அந்தப் பருப்புச் சப்பாத்து இப்பவும் கிடக்கு, கறை இருந்த இடமே தெரியாது. ஆனா பிள்ளை வளந்திட்டா, போட்டுப் பாத்தா பெருவிரல் முட்டுதாம்.