பக்கவாதம் வந்தபின் கிராமத்தில் உயிர் பிழைப்பது எதைப் பொறுத்தது?

[திரையில்: மகாராஷ்டிர வரைபடம். தென்கிழக்கு ஓரத்தில் கட்சிரோலி.]

வணக்கம். கட்சிரோலி, காடு சூழ்ந்த மாவட்டம். கோண்டு பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி. மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் தொடங்கிய 'சர்ச்' (SEARCH) என்ற தொண்டு அமைப்பின் ஆய்வாளர்கள், 2011 முதல் 2013 வரை இங்கே 86 கிராமங்களில் நடந்த மரணங்களின் காரணத்தை வீடு வீடாக விசாரித்தார்கள். முதலிடத்தில் இருந்தது மலேரியாவோ காசநோயோ இல்லை, பக்கவாதம். ஏறக்குறைய ஏழு மரணங்களில் ஒன்று. அப்படி இறந்தவர்களில் 87 சதவீதம் பேரின் உயிர் வீட்டிலேயே போயிருக்கிறது.

அந்த 87 சதவீதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

[திரையில்: மூளை ரத்தக்குழாய். ஒரு பக்கம் அடைப்பு, மறுபக்கம் கசிவு.]

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளலாம், அல்லது வெடித்து ரத்தம் கசியலாம். வெளியே தெரிவது ஒன்றுதான்: வாய் கோணும், ஒரு பக்கம் கை கால் விழும், பேச்சு குழறும். எது என்று கண்டுபிடிக்க சி.டி. ஸ்கேன் வேண்டும். அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவுக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினையும் வீட்டில் நாமாகக் கொடுக்கக் கூடாது.

சரி, அந்த நாலரை மணி நேரம் கிராமத்தில் எங்கே போகிறது? காலையில் எழும்போதே கை வரவில்லை என்றால், எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாது. "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று ஒரு மணி நேரம். எண்ணெய் தேய்ப்பதில் இன்னொன்று. வெளியூரில் இருக்கும் மகனைக் கேட்காமல் முடிவெடுக்கத் தயக்கம். வண்டிக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் நகையை அடகு வைக்க வேண்டும். எல்லாம் முடிந்து போய்ச் சேரும் முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருக்காது. "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பார்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கும்போதே, "வாய் கோணிடுச்சு, கை கால் விழுந்துடுச்சு, இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஊசி பெரும்பாலும் குறைப்பது ஊனத்தைத்தான். உயிர் தங்குமா என்பதை அடுத்து வரும் நாட்களின் பராமரிப்பு பெருமளவு தீர்மானிக்கிறது.

[திரையில்: தொண்டையின் பக்கவாட்டுப் படம். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது.]

பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் தசையும் தளர்ந்துவிடும். நாமோ ஆள் விழுந்ததும் முதலில் வாயில் தண்ணீர் ஊற்றுவோம், அப்புறம் காபி, கஞ்சி. பாசத்தில் செய்வதுதான். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. சில நாளில் காய்ச்சல், மூச்சிரைப்பு, மரணம். "வாதத்தில் போனார்" என்று ஊர் சொல்லும். உண்மையில் பலரைக் கொண்டுபோவது இந்த நிமோனியாதான். விழுங்க முடிகிறதா என்று ஒரு நர்ஸோ மருத்துவரோ சோதிக்கும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம், மாத்திரைகூட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் நர்ஸுகள் முறையாகக் கவனித்தார்கள். 90 நாளில் இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்களும் சேர்ந்து, வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம். இந்தக் கவனிப்பில் 42 சதவீதம். புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ அதில் இல்லை. தெர்மாமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி, பயிற்சி பெற்ற நர்ஸ். இதைத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். செய்யாமல் இருப்பதற்கு ஏழ்மையைக் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருக்கும் மருமகளால் அது எப்படி முடியும்? தனியாக வாழும் விதவைக்கு யார் செய்வார்கள்? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி செய்யச் சொன்ன பெரிய ஆய்வு, 2017-இல் முடிவைச் சொன்னது: மரணமும் குறையவில்லை, ஊனமும் குறையவில்லை. எல்லாச் சுமையையும் வீட்டார் தலையில் கட்டினால் நடக்காது.

[திரையில்: வீட்டு வாசலில் ரத்த அழுத்தம் பார்க்கும் சுகாதார ஊழியர்.]

மிச்சம் இருப்பது ரத்த அழுத்தம். பிழைத்தவரை இரண்டாவது முறை தாக்க வைப்பதில் முக்கியப் பங்கு அதற்கு. தலைவலி இல்லை என்று மாத்திரையை நிறுத்துவார்கள். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட முடியாமலும் நிறுத்துவார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த மாத்திரையையும் பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. உங்கள் வீட்டில் யாராவது பக்கவாதத்திலிருந்து தேறி டிஸ்சார்ஜ் ஆகிறார்கள் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். அதோடு, என்ன சாப்பிடலாம், எந்த மாத்திரையை எவ்வளவு நாள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.