மிச்ச முக்கால் பங்கு எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மண்டபத்தில் இருக்கிற பெற்றோரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"பிள்ளைகளின் கற்றலுக்குப் பெரிதும் கைகொடுப்பது கரும்பலகையா, வலைப்பதிவு முதலான இணையக் கருவிகளா?" இதுதான் இன்றைய தலைப்பு. நான் இணையக் கருவிகளின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி ஆசிரியை மூன்று கவலைகளைச் சொன்னார். போன் கையில் வந்தால் பிள்ளை படிக்காது, இணையம் எல்லா வீட்டுக்கும் எட்டாது, அதில் இருப்பதை அப்படியே பிரதி பண்ணிக்கொண்டு வந்துவிடுவார்கள். மூன்றும் நியாயமான கவலைகள், ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முதல் ஒரு கேள்வி. ஆசிரியர் கரும்பலகையில் எழுத, பிள்ளை கொப்பியில் எழுத, வீட்டில் பாடமாக்கி, சோதனையில் திரும்ப எழுதிவிட்டால் கற்றல் முடிந்துவிட்டதா?

பழைய இலக்கண நூலான நன்னூலைக் கேட்டால் இல்லை என்கிறது. ஆசான் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் பிள்ளைக்குக் கிடைப்பது காற்கூறுதான், அதாவது கால் பங்கு. கூடப் படிக்கிறவர்களோடு பழகிக் கதைப்பதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் படித்ததை மற்றவர்களுக்கு எடுத்து விளக்கும்போதுதான் வந்து சேரும். நடுவர் அவர்களே, எங்களுடைய யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். விடியக் காலை ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்பவும் ரியூசன். எல்லா இடத்திலும் கேட்கிறது, எழுதுகிறது, அவ்வளவுதான். நாள் முழுக்க அந்த முதல் கால் பங்கையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மிச்ச முக்கால் பங்குக்கு எங்கள் நேரசூசியில் இடமே இல்லை.

அந்த முக்கால் பங்குக்குத்தான் எனக்கு வலைப்பதிவு வேண்டும்.

நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தரம் 10 பிள்ளைகளுக்கென்று ஒரு வலைப்பதிவு வைத்திருக்கிறோம். முறைக்கு ஒருவர், படித்த ஒன்றைத் தன் ஊரில் உள்ள ஒன்றோடு சேர்த்து, வகுப்பில் இல்லாத ஒருவருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும். ஒரு பிள்ளை எங்கள் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றை எடுத்துக்கொண்டாள். மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத் தண்ணி, ஏன் என்பதுதான் அவளுடைய கேள்வி. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியில் இருக்கிற கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது என்று விளக்கி, "நல்ல தண்ணி நிறை குறைந்தது, அதனால் மிதக்கிறது" என்று எழுதிவிட்டாள்.

கீழே முதல் கருத்து அவளுடைய வகுப்புப் பெடியனுடையது. "நிறை இல்லை, அடர்த்தி. ஒரு வாளி உப்புத் தண்ணியையும் ஒரு தாங்கி நல்ல தண்ணியையும் எடுத்தால் எது நிறை கூட?" அவள் போய்த் தேடி, நன்னீர் லீற்றருக்கு 1 கிலோகிராம், கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோகிராம் என்று திருத்தி எழுதினாள். நன்னூல் சொன்ன இரண்டாவது கால் பங்கு இதுதான். அடர்த்தியைக் கரும்பலகையில் கற்பித்தவன் நான், இவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் புள்ளியும் எடுத்தவர்கள். ஆனால் அந்தச் சூத்திரம் உயிரோடு வேலை செய்ததை நான் கண்டது அந்தப் பக்கத்தில்தான்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். தோட்டம் செய்கிற ஒரு தகப்பன் கருத்துப் பகுதியில் கேட்டார்: "பிள்ளை, என்ர கிணறு சித்திரை, வைகாசியில சவர் தட்டுது, தண்ணி உப்புக் கரிக்குது. மோட்டர் போட்டு இறைக்கிறதாலயோ?" பாடப்புத்தகத்தின் பயிற்சியில் இப்படி ஒரு கேள்வி இல்லை, நானும் கேட்டதில்லை. அவள் தேடி வாசித்து, படம் கீறி, அடுத்த பதிவில் பதில் சொன்னாள். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அப்படியென்றால் இறைத்து இறைத்து மேலே ஒரு மீற்றர் இறங்கினால், கீழே உப்பு நீர் எவ்வளவு ஏறப் பார்க்கும் என்று நீங்களே யோசியுங்கள். 15 வயதுப் பிள்ளை ஒரு தோட்டக்காரருக்கு இதை விளங்கப்படுத்தினாள். அந்த அரைப் பங்கு அவளுக்குக் கிடைத்துவிட்டது, இனி அதை யாரும் அழிக்கேலாது.

சரி, எதிரணியின் கவலைகளுக்கு வருகிறேன்.

எல்லா வீட்டுக்கும் எட்டாது என்றார். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சூம் வகுப்பு என்ற நிலையை எல்லாரும் கண்டோம். அந்த வேதனை உண்மை. ஆனால் அதிலிருந்து படிக்க வேண்டிய பாடம் வேறு. ஒரு மணித்தியால சூம் வகுப்பு நூற்றுக்கணக்கான எம்.பி. டேட்டாவைத் தின்னும், எழுத்து மட்டும் உள்ள ஒரு பதிவுக்கு அதில் ஒரு துளி போதும். குறித்த நேரத்தில் இருக்கவும் தேவையில்லை, தகப்பன் வேலையால் வந்த பிறகு இரவில் வாசிக்கலாம். எங்கள் நெடுந்தீவை நினையுங்கள். குறிகாட்டுவான் இறங்குதுறையில் இருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் படகுப் பயணம், கடல் கொந்தளித்தால் படகு இல்லை, படகு இல்லாவிட்டால் ஆசிரியர் இல்லை. அன்றைக்கு அந்த வகுப்பின் கரும்பலகை வெறும் பலகை. 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கையின் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். மின்வெட்டும் அதே காலத்தில்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் வந்ததும் பக்கம் திறக்கும், வராத தாளில் வினாத்தாள் அச்சடிக்க ஏலாது.

போன் கெடுக்கும் என்றார். ரிக்ரொக் பார்க்கிற பிள்ளை நாங்கள் வலைப்பதிவு வைக்காவிட்டாலும் பார்க்கும். அந்தப் போனுக்குள்ளேயே நூலகம் இருக்கிறது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தோமா? 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது 97,000 வரையிலான நூல்களும் சுவடிகளும் போயின. அந்த இழப்பு தெரிந்த சமூகத்தில் இருந்துதான் 2005இல் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் எண்ணிம நூலகம் இணையத்தில் தொடங்கியது. ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் இன்றைக்கு இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. அதை ஒரு பிள்ளைக்குத் திறந்து காட்டாமல், இணையம் கெட்டது என்று மேடையில் சொல்வது எனக்கு நெஞ்சு வலிக்கிற விஷயம்.

பிரதி பண்ணுவார்கள் என்றார். மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கிக் கக்குவதும் பிரதிதானே? செயற்கை நுண்ணறிவுக் கருவியான சட்ஜிபிடியிடம் "அடர்த்தி என்றால் என்ன" என்று கேட்டால் நொடியில் எழுதித் தரும். "உன்னுடைய வீட்டுக் கிணறு ஆவணியில் எத்தனை முழம் இறங்கியது, நீ எப்படி அளந்தாய்" என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை கயிறு எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத்தான் போக வேண்டும். பிரதியைத் தடுப்பது கேள்வியின் வேலை. பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல்: பிள்ளைகளின் முழுப் பெயரும் படமும் போடுவதில்லை, ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே கருத்துகள் வெளியாகும். அந்த வசதி இலவச வலைப்பதிவுகளிலேயே உண்டு.

எதிரணித் தலைவர் ஆறுமுக நாவலரைச் சொல்லி மரபைக் காக்கச் சொன்னார். நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த ஆண்டே அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனார். ஏட்டில் இருந்ததை அச்சுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதி அடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடமும் அந்தக் காலத்தின் புதுக் கருவியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கடல் தாண்டிப் போய் வாங்க வேண்டியிருந்தது. எங்களுக்குப் பணம் கொடுக்காமலே கிடைக்கிறது, அதுவும் பிள்ளையே பதிப்பிக்கலாம்.

நடுவர் அவர்களே, கரும்பலகையைக் கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, அந்தக் கால் பங்கு அதற்கே உரியது. நான் கேட்பது கிழமைக்கு ஒரு பாடவேளை, பிள்ளைகள் எழுதுவதற்கும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதற்கும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கணினி அறையைப் பூட்டாமல், துணி போர்த்தி வைத்திருக்கிற அந்தக் கணினிகளை மாலை ஐந்து மணி வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள் என்று இங்கே இருக்கிற அதிபர்களிடமும் கேட்கிறேன். வீட்டில் போன் இல்லாத பிள்ளை அங்கே இருந்து எழுதும். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.