நினைவல்ல, பாட்டுதான்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பாடகரை வாழ்நாள் முழுக்க நேசிக்க வைப்பது பழைய நினைவா, பாட்டின் வளமா? இதுதான் தலைப்பு. பதின்ம வயதில் காதில் விழுந்த பாட்டு சாகும்வரை ஒட்டிக்கொள்ளும், நாம் நேசிப்பது பாடகரை அல்ல, நம் இளமையைத்தான் என்றார் எதிரணி நண்பர். சரி, பாதி உண்மை. ஆனால் அந்த வயதில் நான் நூறு பாட்டு கேட்டேனே ஐயா! மற்றதெல்லாம் இன்று எங்காவது ஒலித்தால் ஒரு புன்னகை, அத்தோடு சரி. ஒருவர் மட்டும் ஏன் தங்கினார்?

என்னிடம் தங்கியவர் லியனார்ட் கோஹன். 1934இல் கனடாவின் மான்ட்ரியலில் பிறந்தவர். கவிதையும் நாவலும் எழுதிவிட்டு, 33 வயதில்தான் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார்.

1971இல் வந்த அவருடைய 'ஃபேமஸ் ப்ளூ ரெயின்கோட்' பாட்டே ஒரு கடிதம்தான். டிசம்பர் கடைசி, விடியாத நான்கு மணி. தன் துணைவியோடு பழகிய நண்பனுக்கு ஒருவன் எழுதுகிறான். முடிவில் கோஹன் தன் பெயரையே கையெழுத்தாகப் போடுகிறார். 20 வயதில் கேட்டபோது அந்த நண்பன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். துரோகி என்று முடிவே கட்டிவிட்டேன். 45 வயதில் ஓர் இரவு மறுபடி கேட்கிறேன். பாட்டு முடியும் தறுவாயில் அவன் அந்த நண்பனுக்கு நன்றி சொல்கிறான்! அவள் கண்ணில் இருந்த கவலையை நீ போக்கினாய், நான் முயலக்கூட இல்லை என்று ஒப்புக்கொள்கிறான். அன்று தூக்கம் வரவில்லை. 25 வருடமாக அந்த வரி அங்கேயேதான் இருந்தது. அதைக் கேட்கும் வயது எனக்குத்தான் வரவில்லை. பழைய நினைவு என்றால் பழையபடிதானே கேட்டிருக்க வேண்டும்?

அப்புறம் 'ஹல்லேலூயா'. பல ஆண்டுகள் எழுதி எழுதித் திருத்திய பாட்டு. 1984இல் அது இடம்பெற்ற தொகுப்பை அமெரிக்காவில் வெளியிட அவருடைய நிறுவனமே மறுத்தது. 1991இல் ஜான் கேல் பாடி, 1994இல் ஜெஃப் பக்லி பாடி, அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. யாருடைய இளமை அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தியது?

15 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2008இல், 73 வயதில் மீண்டும் மேடை ஏறினார். பக்கத்தில் ஒருவர் தனியாக வாசிக்கும்போது தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு தலைகுனிந்து நிற்பார். காணொளியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2016 அக்டோபர் 21. அவர் உயிரோடு இருக்கும்போது வந்த கடைசித் தொகுப்பு. உடல் தளர்ந்து, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடியது. மகன் ஆடம்தான் தயாரிப்பாளர். குரல் தரைக்கு இறங்கிவிட்டது. பின்னால், அவர் சிறுவயதில் போன யூத ஆலயத்தின் பாடகர் குழு. எபிரேயச் சொல் ஒன்றைச் சொல்கிறார். 'இதோ இருக்கிறேன்' என்று பொருள். 17ஆம் நாள் போய்விட்டார், 82 வயதில்.

அந்த 17 நாளும் நான் திரும்பத் திரும்பக் கேட்டது அதுவரை என் காதில் விழாத பாட்டுகள், நடுவர் அவர்களே. அதில் எந்தப் பழைய நினைவு இருந்தது என்று எதிரணி சொல்லட்டும்.

வணக்கம்.