'ரன்' என்றால் ஓடு மட்டுமா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, இந்த அரங்கை நமக்காகத் திறந்துவிட்ட நூலகர் ஐயா அவர்களே, வகுப்பு முடிந்த கையோடு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கித் தந்த தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி.

'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பு, பொருள், வழக்கு ஆகிய மூன்றையும் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆசிரியராக இருந்தபோது கரும்பலகையில் 'ரன் – ஓடு' என்று எழுதிப் போடுவேன். பிள்ளைகள் பத்து முறை எழுதி வருவார்கள். ஒரு தேர்வில் 'மை ஆன்ட் ரன்ஸ் எ ஸ்கூல்' என்பதைத் தமிழில் எழுதச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் 'என் அத்தை ஒரு பள்ளிக்கூடத்தை ஓடுகிறார்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். தாளோடு மேசைக்கு வந்தவன், தன் நோட்டையும் பக்கத்தில் விரித்து வைத்தான். பத்து வரியிலும் ஓடு, ஓடு, ஓடு. "சார், நீங்க எழுதிப் போட்டதைத்தானே எழுதினேன்?" என்றான். தொண்டை அடைத்திருந்தது அவனுக்கு. எனக்கும் பேச்சு வரவில்லை. சுரைக்காயை ஏட்டில் வரைந்து கொடுத்தவன் நான்தானே!

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக இந்தச் சொல்லை ஆராய்ந்த பீட்டர் கில்லிவர், வினையாக மட்டுமே 645 பொருள் கண்டார். அதற்கு அவருக்கு 9 மாதங்கள் ஆயின. 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குத்தான் இருந்தது. அதையும் 'ரன்' முந்திவிட்டது. மூக்கு 'ரன்' ஆனால் நமக்கு ஒழுகுகிறது. துணியில் சாயம் 'ரன்' ஆனால் இறங்குகிறது. அமெரிக்கர் தேர்தலில் 'ரன்' செய்கிறார். பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட்' என்கிறார். தமிழில் நாமும் நிற்கத்தான் செய்கிறோம். நம் 'ஓடு' மட்டும் சளைத்ததா? படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது. ஆனால் ஆளே ஓட்டினால் 'ஓட்டு', நிர்வகித்தால் 'நடத்து' என்று நாம் சொல்லையே மாற்றிவிடுவோம். பையன் சறுக்கிய இடம் அதுதான்.

சரி, சொல்லின் பிறப்பை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இன்று எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்ய வைக்கும் தேர்வை நிறுத்த வேண்டும். சொல்லைக் கொடுத்து, ஐந்து வாக்கியம் எழுதச் சொல்ல வேண்டும். பக்கத்தில் அகராதியைத் திறந்து வைத்துக்கொள்ள விட வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் எத்தனை தலைமுறைக்கு?

வாசலில் மேசைமேல் கோரிக்கை மனு இருக்கிறது. பெற்றோர்களே, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்தைத் தலைவர் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பேனாவும் அங்கேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.