புயல் கூம்பு சொல்வதும் சொல்லாததும்

[காட்சி: புளோரிடா வரைபடத்தின் மேல் விரியும் வெள்ளைக் கூம்பு]

அட்லாண்டிக்கில் புயல் உருவாகும்போதெல்லாம், மியாமியிலுள்ள அமெரிக்கத் தேசியப் புயல் மையம் புயலின் கண் செல்லக்கூடிய பாதையைக் காட்டும் இந்தக் கூம்புப் படத்தை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. இதைப் புயல் தாக்கவிருக்கும் பகுதி என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்; அது அப்படியன்று. கடந்த 5 ஆண்டுகளில் மையத்தின் கணிப்புகள் எத்தனை தூரம் தவறின என்று கணக்கிட்டு, அப்பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி, கணித்த பாதை நெடுக வட்டங்கள் வரைந்து இணைத்தால் கூம்பு கிடைக்கிறது. ஆகவே புயலின் கண் சில வேளைகளில் கூம்பைத் தாண்டிச் செல்வது கணக்கிலேயே உள்ளதுதான். காற்றும் மழையும் கடல்நீரும் எதுவரை பரவும் என்பதைக் கூம்பு சொல்வதே இல்லை.

[காட்சி: விமானத்திலிருந்து விழும் கருவி]

செயற்கைக்கோள் படங்களோடு, புயலுக்குள்ளேயே பறக்கும் விமானங்கள் வீசும் கருவிகள் அனுப்பும் அழுத்த, காற்று அளவுகளும் கணினி மாதிரிகளுக்குள் செல்கின்றன. மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது முடிவெடுப்பவர் மனிதர்தான்.

[காட்சி: இயன் புயலின் பாதை, 2022]

2022 செப்டம்பரில் இயன் புயல் நெருங்கியபோது புளோரிடாவின் மேற்குக் கரை நகரமான டாம்பாவைப் பற்றியே பேச்சு மிகுதியாக இருந்தது. அதற்குத் தெற்கே உள்ள லீ கவுண்டி என்ற மாவட்டம் கூம்பின் ஓரத்தில் இருந்தது. புளோரிடாவின் மேற்குக் கரை வடக்கு தெற்காக நீள்வதால், அதை ஒட்டியே மேலேறும் புயல் சற்றே கிழக்கே திரும்பினாலும் கரை கடக்கும் இடம் வெகுதூரம் தெற்கே நகர்ந்துவிடும். செப்டம்பர் 28 அன்று மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் இயன் லீ கவுண்டியில் கரையைக் கடந்தது. அங்கே வெளியேற்ற உத்தரவு பிறந்ததோ முந்தைய நாள் காலையில்தான். புளோரிடாவில் புயல் தள்ளிவந்த கடல்நீரில் மட்டும் 41 பேர் இறந்தனர்.

[காட்சி: நிறமிட்ட கடலோரம்]

மணிக்கு 63 கிலோமீட்டர் காற்று வீசத் தொடங்கிவிட்டால் வெளியே ஆயத்த வேலைகள் செய்வது ஆபத்து. அதனால்தான் சூறாவளி வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு அந்தக் காற்று வருவதற்கு 48 மணி நேரம் முன்பும், சூறாவளி வரும் என்ற எச்சரிக்கை 36 மணி நேரம் முன்பும் வெளியிடப்படுகின்றன. கடல்நீர் ஏற்றத்துக்கெனத் தனி எச்சரிக்கை 2017 முதல் உண்டு. சூறாவளிகளை ஐந்து வகைகளாகப் பிரிக்கும் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றை மட்டுமே அளப்பதால் அது தேவைப்பட்டது. மக்களை வெளியேற்றும் உத்தரவு மியாமியின் கையில் இல்லை, உள்ளூர் நிர்வாகத்திடமும் மாநிலத்திடமும் உள்ளது. 2024இல் மையம் சோதனை முறையில் வெளியிட்ட கூம்புப் படத்தில் உள்நாட்டுப் பகுதிகளுக்கான எச்சரிக்கைகளும் நிறமிட்டுக் காட்டப்பட்டன. கடல்நீர் ஏற்றத்தை அறிய இன்னும் வேறொரு வரைபடத்தைத்தான் திறக்க வேண்டும்.