செல்லாத வாக்கு

(புதுச்சேரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

கடற்கரையில் காற்று வாங்கப் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமை மாலையில் இத்தனை பேர் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

செல்வாக்கு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். செல்லும் வாக்கு. நான் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவன். 2016 நவம்பரில் கை நிறைய நோட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நோட்டு அதே நோட்டுதான், ஆனால் அதை யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு மனிதருடைய சொல்லுக்கும் அந்த நிலைமை வரும். டெஸ்லா மின்சாரக் கார் கம்பெனியையும் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் கம்பெனியையும் நடத்துகிற எலான் மஸ்க்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் மனசில் வருகிறது. உலகத்திலேயே பெரிய பணக்காரர். பணம் பெருகிக்கொண்டுதான் போகிறது. வாக்குதான் செல்ல மறுக்கிறது.

அவரை ஏச நான் இங்கே வரவில்லை. 2024 அக்டோபரில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் அடிப்பகுதி வானத்திலிருந்து இறங்கி வந்தபோது, ஏவுதளக் கோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டன. என் பேரன் அந்தப் படத்தைத் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். அவனோடு உட்கார்ந்து பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மின்சாரக் கார் என்றால் கோல்ப் மைதானத்தில் ஓடுகிற வண்டி என்று நினைத்திருந்த உலகத்தை மாற்றியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இவ்வளவு செய்தவரின் பேச்சுக்கு ஏன் மதிப்புக் குறைந்தது என்பதுதான் என் கேள்வி.

2022 அக்டோபரில் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கினார். ஒரு வாரத்தில் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை வெளியே அனுப்பினார். பெரிய கம்பெனிகள் பல விளம்பரத்தை நிறுத்தின. அப்புறம் 2024 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப்பும் அவர் கட்சியும் ஜெயிக்க 25 கோடி டாலருக்கு மேல் செலவு செய்தார். டிரம்ப் ஜெயித்தார். 2025 ஜனவரியில் அரசுச் செலவைக் குறைக்கும் ‘டோஜ்’ அமைப்பு மஸ்க் கைக்கு வந்தது. 2 லட்சம் கோடி டாலர் மிச்சப்படுத்திக் காட்டுகிறேன் என்று தேர்தல் மேடையில் சொன்னவர், ஏப்ரலில் 15,000 கோடி என்று இறங்கி வந்தார்.

அந்த மாதங்களில் நடந்ததைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் லட்சக்கணக்கான அரசு ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது: போன வாரம் நீ செய்த ஐந்து வேலைகளை எழுதி அனுப்பு. அனுப்பாவிட்டால் ராஜினாமாவாக எடுத்துக்கொள்வோம் என்று மஸ்க் பொதுவெளியில் எழுதினார். ஏழை நாடுகளுக்கு மருந்தும் குழந்தைகளுக்குச் சத்துணவும் கொடுத்துவந்த, அமெரிக்க அரசின் யூஎஸ்எய்டு நிறுவனம் கலைக்கப்பட்டது. கையெழுத்து அதிபருடையது. ஆனால் அதை மரம் அரைக்கும் எந்திரத்தில் போட்டோம் என்று பெருமையாக எழுதியவர் மஸ்க். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பசித்த குழந்தையின் சோற்றைப் பற்றி யாராவது அப்படி எழுதுவார்களா?

நம் ஊரில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தப் பன்னிரண்டு பேரிடமும் என்ன சொத்து இருந்தது? அவர்கள் கேட்டது பாரிஸ் வரை சென்றது. இதைச் சொல்லாமல் புதுச்சேரியில் நின்றுகொண்டு செல்வாக்கைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சரி, விஸ்கான்சினுக்கு வருகிறேன். அமெரிக்காவில் அது ஒரு மாகாணம். அங்கே மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதியையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 அன்று தேர்தல். மஸ்க்கும் அவரைச் சேர்ந்த குழுக்களும் 2 கோடி டாலருக்கு மேல் கொட்டின. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் கிரீன் பே என்ற ஊருக்கு அவரே வந்தார். அந்த ஊர்க்காரர்கள் ஆட்டம் பார்க்கப் போடுகிற பாலாடைக்கட்டி வடிவத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். இரண்டு பேருக்குத் தலா 10 லட்சம் டாலர் காசோலை கொடுத்தார். மனித நாகரிகத்தின் எதிர்காலமே இந்தத் தேர்தலில் இருக்கிறது என்றார். ஓட்டுக்குப் பணம் என்பது நமக்குத் தெரியாத விஷயமா? கவரை வாங்கிக்கொண்டு மனசுக்குப் பிடித்தவருக்குக் குத்திவிட்டு வருகிற பாட்டிகளை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். விஸ்கான்சினிலும் மஸ்க் ஆதரித்தவர் ஏறக்குறைய பத்து சதவீத வித்தியாசத்தில் தோற்றார். எதிர்த்தரப்புக்குப் பிரசாரப் பொருளே மஸ்க்தான். அவர் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள்.

கார் விற்பனையும் அடி வாங்கியது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் டெஸ்லா கொடுத்த கார்களின் எண்ணிக்கை 13 சதவீதம் குறைந்தது. லாபம் 71 சதவீதம் விழுந்தது. ஜெர்மனியில் தேர்தல் நேரத்தில் தீவிர வலதுசாரிக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டார். அங்கே அந்த ஆண்டு டெஸ்லா விற்பனை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பழைய மாடலை நிறுத்திப் புதியது கொண்டுவந்ததும், சீனக் கார்களின் போட்டியும் இதற்குக் காரணம்தான். எல்லாவற்றையும் அரசியல் தலையில் கட்டக் கூடாது. ஆனால் ‘இவர் இப்படி ஆவதற்கு முன்னால் வாங்கிய கார் இது’ என்று ஆட்கள் தங்கள் வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார்களே, அதற்குச் சீனா காரணமாக முடியாது. 2025 முழுவதும் டெஸ்லா விற்றது சுமார் 16.4 லட்சம் கார், சீனாவின் பிஒய்டி கம்பெனி விற்ற முழு மின்சாரக் கார்கள் 22 லட்சத்துக்கு மேல்.

மே கடைசியில் வெள்ளை மாளிகையில் மஸ்க்குக்குத் தங்கச் சாவி கொடுத்து வழியனுப்பினார்கள். ஒரே வாரத்தில் நண்பர்கள் இருவரும் ஊரறியச் சண்டை போட்டார்கள். நான் இல்லையென்றால் நீ தோற்றிருப்பாய் என்றார் மஸ்க். உன் அரசு ஒப்பந்தங்களை நிறுத்துவேன் என்றார் டிரம்ப். ஜூன் 5 அன்று ஒரே நாளில் டெஸ்லாவின் சந்தை மதிப்பில் சுமார் 15,000 கோடி டாலர் காணாமல் போனது. ஜூலையில் ‘அமெரிக்கா கட்சி’ என்று ஒன்றை அறிவித்தார். அந்த ஆண்டு முடிகிறவரை அது அறிவிப்பாகவே நின்றது.

கடற்கரைச் சாலையின் தென்கோடியில் டூப்ளே சிலை இருக்கிறதே, இதைப் படித்தபோது அந்தப் பக்கம்தான் என் நினைப்புப் போனது. சொந்த வியாபாரத்தில் சம்பாதித்து 1742-இல் இங்கே பிரெஞ்சு கவர்னராக வந்தவர். ஆர்க்காட்டிலும் ஐதராபாத்திலும் யார் ஆள்வது என்பதில் அவர் பேச்சு எடுபட்ட காலம் இருந்தது. திருச்சிப் போரில் பிரெஞ்சுக் கம்பெனியின் பணத்தோடு சொந்தப் பணமும் கரைந்தது. 1754-இல் அவர் இடத்துக்குப் பிரான்சிலிருந்து கோதேயு வந்து இறங்கினார். டூப்ளே கப்பலேறினார். கம்பெனி எனக்குத் தரவேண்டிய பணம் என்று வழக்குப் பேசிக்கொண்டே 1763-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். அவருக்குப் பணமும் வாக்கும் சேர்ந்து போயின.

மஸ்க்குக்கு அப்படி நடக்கவில்லை. 2025 நவம்பரில் டெஸ்லா பங்குதாரர்களில் 75 சதவீதத்துக்கு மேல் ஆதரித்து, இலக்குகளை எட்டினால் 1 லட்சம் கோடி டாலர் வரை அவருக்குக் கிடைக்கும் ஊதியத் திட்டத்தை நிறைவேற்றினார்கள். அதே மாதம் வெள்ளை மாளிகை விருந்திலும் அவர் உட்கார்ந்திருந்தார். முதலீட்டாளர்களிடம் அவர் சொல் இன்னும் செல்கிறது. அதை மறைத்தால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவன் ஆவேன். தெருவில் நடந்து போகிற, வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிற மனிதர்களிடம்தான் அது செல்லவில்லை.

இங்கே கிளம்பும்போது பேரன் கேட்டான், “தாத்தா, அவர் தோத்துட்டாரா?” 2026 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் வருகிறது, எந்த வேட்பாளர் அவரிடம் பணம் வாங்குகிறார் என்பதோடு, யார் அவரை மேடையில் தன் பக்கத்தில் நிற்கவைக்கிறார் என்றும் சேர்ந்து பார்ப்போம் என்றேன். ராக்கெட் படம் சுவரில் அப்படியே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.